ஃபியோனாவின் மஞ்சள் கதிரை

மூக்குக்கண்ணாடியைப் புத்தகத்தின் மேல் கவிழ்த்து வைப்பதா, மல்லாத்தி வைப்பதா என்ற யோசனையில் ஏரம்பமூர்த்திக்கு ஏழு நிமிடம் போய்விட்டது. கீழே லொறியில் மெத்தை இறக்காமல் கிடக்கிறது. சாரதி சரத் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டான். இவர் அசையவில்லை. கடைசியில் கண்ணாடியின் ஒரு காலை மடித்து, மற்றக் காலை விரித்து, நாற்பத்திரண்டாம் பக்கத்தின் மேல் சாய்த்து வைத்தார். இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சரித்துப் பார்த்தார்.

“இப்ப பார். ஆரோ ஒரு ஆள் வாசிச்சுக்கொண்டு இருந்திட்டு, தேத்தண்ணி ஊத்த எழும்பிப் போயிருக்கு. இன்னும் ரெண்டு நிமிசத்தில திரும்பி வரும்” என்றார், மேலே ஏறி வந்த சரத்திடம்.

அந்த வீட்டில் ஆறு மாதமாக ஒரு குஞ்சு குருமானும் இல்லை. கண்ணாடி மலிவுக் கடையில் வாங்கியது. புத்தகம் என்ன புத்தகம் என்று அவருக்கே தெரியாது. அட்டை சாம்பல் நிறம், கட்டில் விரிப்பும் சாம்பல் நிறம், அவ்வளவுதான் பொருத்தம்.

ஒக்லாந்தில் வீடு விற்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தங்கள் சாமான்களை எல்லாம் எங்காவது கொண்டுபோய் ஒளித்துவிட்டு, வாடகைக்கு நல்ல சாமான் எடுத்து வீட்டை நிரப்புவார்கள். தங்களைவிட நாகரிகமான ஆட்கள் அங்கே வாழ்ந்தது மாதிரி ஒரு தோற்றம். வாங்க வருகிறவர்கள் அந்த ஆட்களைப் பார்த்து மயங்கி, அவர்களைப் போல் வாழலாம் என்று ஆசைப்பட்டு, ஏலத்தில் கை தூக்குவார்கள். சாவி கைக்கு வந்த பிறகு பார்த்தால் வெறும் சுவர்தான் இருக்கும். இந்தச் சாமான்களைக் கொண்டுபோய் இறக்குகிற கம்பனி ஒன்றில்தான் ஏரம்பமூர்த்திக்குப் பதினொரு வருடமாக வேலை. மற்றவர்கள் கட்டில் இறக்குவார்கள், கம்பளம் விரிப்பார்கள். இவர் ஆட்களைப் படைப்பார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் குடியேற்றுகிற ஆட்கள் மார்க்கும் ஃபியோனாவும்தான். உத்தியோகம் மட்டும் மாறும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், மங்கரேயில் மார்க் விமானம் ஓட்டுவான், ஆகையால் கட்டிலடியில் ஒரு சின்னப் பயணப்பெட்டி. மலைப்பக்க வீடுகளில் மார்க் ஒரு ஆர்க்கிடெக்ட், மேசையில் கூராக்கிய பென்சில் மூன்று. ஃபியோனா எங்கே போனாலும் வைன் கிளாஸும் வைக்கோல் தொப்பியும் கொண்டு போவாள். இருவருக்கும் சதுரங்கம் தெரியும். ஏரம்பமூர்த்திக்குத் தெரியாது, அதனால் காய்களை அழகுக்கு நிறுத்திவிடுவார். ஒரு வீட்டில் இரண்டு வெள்ளை ராணிகள் ஒரு மாதம் முழுக்க நின்றன. ஒருவரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு சாமானின் அடியிலும் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர், அதில் ஒரு இலக்கம். வீடு விலைப்பட்ட பின் எல்லாம் ஸ்டோருக்குத் திரும்பும்போது வாசலில் நிற்கிற பிள்ளை மெஷினை ஸ்டிக்கரில் பிடிப்பாள். ‘டிக்’ என்று சத்தம் கேட்டால் சரி. அவள் சாமானை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. பதினொரு வருடத்தில் ஏரம்பமூர்த்தியின் லிஸ்டில் ஒரு கரண்டி தவறியது கிடையாது. அதை அவர் கேளாதவர்களுக்கும் சொல்லுவார்.

இது கிழமை நாட்களில். மாதத்தின் கடைசி ஞாயிறு வந்தால் மனுசன் வேறு ஆள். பக்குரங்காவில் ஒரு சமூக மண்டபத்தின் பின் அறையில் அவர் நடத்துகிற வாசகர் வட்டம் கூடும். அவரோடு சேர்த்து ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் பக்கத்து அறையில் பிள்ளைக்குப் பரதநாட்டிய வகுப்பு முடியும்வரை இருப்பவர்கள். யார் என்ன கதை வாசித்தாலும் ஏரம்பமூர்த்தி கேட்பது ஒரே கேள்வி: “கதையில என்ன சாமான் கிடக்கு?”

“பாத்திரம் வாயால சொல்லுறதை நம்பாதேங்கோ. வாய் பொய் சொல்லும். சாமான் பொய் சொல்லாது. ஒரு மனுசன்ரை செருப்பைக் காட்டுங்கோ, அவன் ஆரெண்டு நான் சொல்லுறன்.”

ஒரு நாள் வட்டத்தில் வித்தியா கேட்டாள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், மருந்துச் சீட்டைப் பார்ப்பது போலவே மனிதரையும் பார்ப்பாள். “அங்கிள், அப்ப நீங்கள் வீடு வீடாய்க் கொண்டுபோய் வைக்கிற சாமான் எல்லாம் உண்மையோ பேசுது?”

“அது கலை, பிள்ளை” என்றார் ஏரம்பமூர்த்தி. ஐந்து நாள் சாமானைப் பொய் சொல்லப் பழக்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை அது பொய்யே சொல்லாது என்று சத்தியம் பண்ணுகிற மனுசனுக்கு இரவில் நித்திரையும் நன்றாகத்தான் வந்தது.

பங்குனி மாதக் கூட்டத்தில் ரங்கநாதன் ஒரு கதை வாசித்தார். கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை, நல்ல மனசு. கதையில் ஒரு மனைவி கணவனின் அலட்சியம் தாங்காமல் அழுகிறாள். வாசித்து முடிக்கும்போது ரங்கநாதனின் குரலே தழுதழுத்துவிட்டது. ஏரம்பமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு திறந்தார்.

“அவ அழுறா. சரி. எங்கை இருந்து அழுறா?”

“வீட்டுலதான் சார்.”

“வீட்டில எங்கை? கட்டிலிலயோ, கதிரையிலயோ, வாசல்படியிலயோ? எழுதின உங்களுக்கே தெரியாது. இருக்க ஒரு இடம் குடுக்காத ஆளுக்கு அழுகையைக் குடுத்து என்ன பிரயோசனம்? முதல்ல அவவை ஒரு இடத்தில இருத்துங்கோ!”

“ஆமா சார், நீங்க சொல்றது சரிதான்” என்று ரங்கநாதன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பாவம், அதன் பிறகு அவர் இரண்டு மாதம் கதை எழுதவில்லை.

அன்றைக்கு உளுந்துவடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்தவர் ஏரம்பமூர்த்தியின் மனைவி இராசமலர். வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அறையில் பன்னிரண்டு கதிரை. மிச்சம் கிடந்த மூன்றிலும் ஏரம்பமூர்த்தியின் பை, குடை, கோட் இருந்தன.

இராசமலர் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் பதினாறு வருடம் நின்று வேலை செய்தவர். அந்த நிற்பு முழங்காலில் இறங்கி, தை மாதம் வலது காலில் ஆபரேசன் நடந்தது. அவர்களுடைய வீடு கிளென்ஃபீல்டில் ரோட்டுக்கு மேலே சரிவில் நிற்கிறது. ரோட்டோரம் கராஜ். அங்கிருந்து வாசலுக்கு இருபத்தேழு படி. பத்தொன்பது வருடத்துக்கு முன் ஏரம்பமூர்த்தி அந்த வீட்டை வாங்கியதே, மேலே நின்று எட்டிப் பார்த்தால் கடல் ஒரு விரற்கடை தெரியும் என்பதற்காக. கடலை அவர் பார்த்தார். அரிசி மூட்டை, மரக்கறிப் பை, பிள்ளையின் பள்ளிப் பை எல்லாவற்றோடும் படியை இராசமலர் பார்த்தார்.

டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனி இந்தப் படி சரிவராது என்று. பக்குரங்காவில் படியே இல்லாத ஒரு சின்ன வீடு, வாசலில் இருந்து ஒரே மட்டம், அகப்பட்டது. ஆனால் அதை விற்கிறவர் வைகாசி மாத முடிவுவரைதான் காத்திருப்பாராம். அதற்குள் கிளென்ஃபீல்ட் வீடு விலைப்பட வேண்டும். விலைப்படாவிட்டால் அந்த வீடு வேறு ஆளுக்குப் போய்விடும், இராசமலருக்கு இருபத்தேழு படியும் நிலைத்துவிடும். அவர் ஒவ்வொரு படியிலும் முதலில் நல்ல காலை வைத்து, பிறகு மற்றக் காலை இழுத்துச் சேர்த்து, கம்பியைப் பிடித்தபடி நின்று மூச்சு வாங்குவார். பார்க்கிறவர்களுக்கே முழங்கால் வலிக்கும்.

ஏரம்பமூர்த்திக்குக் கவலைதான், இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் கவலைக்கு மேலே ஒரு துள்ளலும் இருந்தது. தன் சொந்த வீட்டுக்கே மார்க்கையும் ஃபியோனாவையும் கொண்டுவரலாமே!

முதல் வேலையாகத் தன் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கராஜுக்கு அனுப்பினார். ஆயிரத்து நானூறு தமிழ்ப் புத்தகங்கள் பெட்டிக்குள் போயின. அவர் தினமும் சாய்ந்து கிடந்து, “மலர், ஒரு தேத்தண்ணி” என்று குரல் கொடுக்கிற கறுப்புத் தோல் சாய்கதிரையைச் சரத்தும் இவரும் சேர்ந்து இறக்கினார்கள். சுவாமிப் படங்களைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தார். வடக்குச் சன்னலடியில், இந்த நாட்டில் வெயில் வடக்குப் பக்கத்தால் வருவதால் வீட்டிலேயே நல்ல வெயில் விழுகிற மூலையில், பதினாலு பெட்டிகள் கிடந்தன. அவர் தொடங்கி மூன்று இதழோடு நின்றுபோன இலக்கிய சஞ்சிகையின் விலைப்படாத பிரதிகள். அவையும் படியிறங்கின. வெயிலுக்குப் பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு தரையைத் தொட இடம் கிடைத்தது.

குசினிக்கு வந்தார். குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பெரிய நீல வாளி, அரிசி போட்டு வைக்கிறது. மூடியின் மேல் நாலாய் மடித்த ஒரு பழைய குளியல் துவாய்.

“உதென்ன, துவாய் இஞ்சை கிடக்கு?”

“கிடக்கட்டும் விடுங்கோ. வாளியை எடுக்காதேங்கோவன்” என்றார் இராசமலர்.

“மலர், ஃபியோனாவின்ரை குசினியில அரிசி வாளி நிண்டா ஆர் வீட்டை வாங்குவான்?” என்று துவாயோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார். அன்றையிலிருந்து இராசமலர் மரக்கறியை நின்றுகொண்டு வெட்டினார். காலுக்குப் பயிற்சி நல்லதுதானே என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் மார்க் தம்பதியின் சாமான்கள் ஏறின. மொத்தம் நாற்பத்தொன்று. இலக்கம் ஒன்றிலிருந்து நாற்பதுவரை வழக்கமானவை. நாற்பத்தொன்று, ஒரு மஞ்சள் கதிரை. உயரமான முதுகு, இரண்டு பக்கமும் கை, இருந்தால் கால் தரையில் சரியாகப் பதிகிற உயரம். அதை வடக்குச் சன்னலடியில் வைத்து, கையில் ஒரு சால்வையைப் போட்டு, பக்கத்தில் ஒரு விளக்கு. வெயில் வந்து விழுந்ததும் ஏரம்பமூர்த்திக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

பின்னேரம் வேலை முடிந்து வந்தவர் பார்த்தார், இராசமலர் அதில் இருந்தார். சாய்ந்துகூட இருக்கவில்லை, நுனியில், அடுத்தவர் வீட்டுக் கதிரையில் இருக்கிற மாதிரி.

“உது ஆற்றை கதிரை?”

“ஃபியோனாவின்ரை.”

“ஆர் அவ?”

“மார்க்கின்ரை மனுசி. பின்னேர வெயில் வரேக்கை உதில இருந்து வாசிக்கிறவ.”

இராசமலர் வெயில் விழுந்த தன் முழங்காலைத் தடவினார். “குடுத்து வைச்சவ” என்றார்.

“ஓம் ஓம், எழும்பும், குஷன் நசியுது” என்றார் ஏரம்பமூர்த்தி. இராசமலர் கையை ஊன்றி எழும்பினார்.

சொதிக்குப் புளி விடவென்று மேசையில் கண்ணாடிக் கோப்பையில் இருந்த தேசிக்காயை எடுத்து அவர் கத்தி வைத்ததும் அன்றைக்குத்தான். கத்தி வழுக்கியது. பிளாஸ்டிக். “மனுசர் இருக்கிற வீடே இது!” என்று இராசமலர் அதைத் திரும்பக் கோப்பைக்குள் போட்டார். வெட்டுப்பட்ட பக்கத்தைக் கீழே திருப்பி வைக்க ஏரம்பமூர்த்திக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

சனி ஞாயிறுகளில் பன்னிரண்டு மணியிலிருந்து அரை மணித்தியாலம் வீட்டை எல்லாருக்கும் திறந்துவிடுவார்கள். ஓப்பின் ஹோம். அந்த நேரம் வீட்டுக்காரர் நிற்கக்கூடாது. ஏஜென்ட் கொடி நடுவாள், இவர்கள் இருபத்தேழு படி இறங்கி, காரில் போய் மோல் வாகனத் தரிப்பிடத்தில் இருப்பார்கள். இராசமலர் பெட்டியில் கட்லட் கொண்டுவருவார்.

“ஃபியோனாவுக்குப் பிள்ளையள் எத்தினை?” என்று இராசமலர் ஒரு சனிக்கிழமை கேட்டார்.

“ஒரு மரக்குதிரை வைச்சிருக்கிறன். ஒண்டெண்டு வையும்.”

“அவ சமைக்கிறேல்லையோ?”

“சமைப்பா. சமைச்ச மாதிரித் தெரியக்கூடாது.”

இராசமலர் கட்லட்டைப் பாதியாய் உடைத்து அவரிடம் நீட்டினார். “எங்கை இருந்து மரக்கறி வெட்டுறவ?”

ஏரம்பமூர்த்தி வாயில் கட்லட்டோடு யோசித்தார். “அவ மரக்கறி வெட்டுறேல்லை.”

“அதுதான் பாத்தன்” என்றார் இராசமலர். காரின் முன்கண்ணாடியில் மழை தூறத் தொடங்கியது.

ஐந்து ஓப்பின் ஹோம் போய்விட்டது. வந்தவர்கள் சதுரங்கத்தை மெச்சினார்கள், கடலை எட்டிப் பார்த்தார்கள், படியை எண்ணிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்கள். ஏலம் புதன்கிழமை. பக்குரங்காக்காரருக்குப் பதில் சொல்ல வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஏரம்பமூர்த்தி மஞ்சள் கதிரைக்குப் போனார். சால்வையை இடப்பக்கக் கையிலிருந்து வலப்பக்கக் கைக்கு மாற்றிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

ஏலத்துக்கு முந்திய ஞாயிறு. பதினொன்றே முக்கால். ஏஜென்ட் கொடியோடு வந்துவிட்டாள். இராசமலர் ஒரு தட்டில் பயித்தங்காயையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு போய் மஞ்சள் கதிரையில் இருந்தார். இந்த முறை நன்றாகச் சாய்ந்து.

“மலர், என்ன இது? எழும்பும், நேரமாச்சு.”

“நான் வரேல்லை.”

“விசர்க்கதை கதையாதையும்! ஆக்கள் வரப்போகினம்!”

“வரட்டும். இரவு முழுக்கக் கால் உளைவு, நித்திரை இல்லை. என்னால படி இறங்கி ஏற ஏலாது. வீடு வாங்க வாறவைக்கு நான் இருந்தா என்ன, அவை என்னையும் சேத்தோ வாங்கப்போகினம்?”

சத்தம் போட்டால் ஏஜென்டுக்குக் கேட்கும். சத்தம் போடாவிட்டால் வீடு விலைப்படாது. ஏரம்பமூர்த்திக்கு இருதலைக்கொள்ளி எறும்பின் கதை. வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. வேறு வழியில்லாமல், தான் வீட்டுக்காரன் இல்லை, சாமான் பார்க்க வந்த கம்பனி ஆள் என்கிற பாவனையில் தேசிக்காய்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நடையில் ஒதுங்கினார். வீட்டு உடுப்போடு, முழங்காலில் பட்டி சுற்றிக்கொண்டு, ஃபியோனாவின் கதிரையில் இருந்து ஒரு தமிழ்ப் பெண் பயித்தங்காய் வெட்டுகிறாள். பதினொரு வருடத்து உழைப்பு மண்ணாய்ப் போயிற்று!

வந்தவர்களில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. அவள் மட்டும் சன்னலடியில் நின்றாள். குழந்தை வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கியது. இந்த மூலைக்கு எப்போதும் இப்படி வெயில் வருமா என்று அவள் இராசமலரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

இராசமலர் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு யோசித்துப் பதில் சொன்னார். “நைன்டீன் இயர்ஸ், ஐ டோன்ட் நோ. லாஸ்ட் த்ரீ வீக்ஸ், வெரி குட் சன்.”

நடையில் நின்ற ஏரம்பமூர்த்தி, நல்ல வசனம் என்றுதான் முதலில் நினைத்தார். பழக்கதோஷம். பிறகுதான் அது தன் வீட்டு வசனம் என்று உறைத்தது. மீன்முள் தொண்டையில் நிற்கிற மாதிரி அது நின்றுகொண்டது. அன்றிரவு சோற்றை உருட்டி விழுங்கிப் பார்த்தார், போகவில்லை.

புதன்கிழமை ஏலத்தில் இரண்டு பேர் கை தூக்கினார்கள். கடைசிவரை தூக்கினவள் அந்தக் கைக்குழந்தைக்காரி. வியாழக்கிழமையே பக்குரங்கா வீடு உறுதியாயிற்று. இராசமலர் ஃபோனில் வெலிங்டனில் இருக்கும் மகள் கஜந்தினிக்குச் சொல்லும்போது, “ஒரு படியும் இல்லை பிள்ளை, ஒரு படியும் இல்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகள், “ஓ மை கோட், அம்மா, ஐ’ம் ஸோ ஹாப்பி” என்று அழுதாள்.

ஏஜென்ட் ஏரம்பமூர்த்தியைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விசயம் சொன்னாள். வாங்கினவள் கேட்டாளாம், சன்னலடியில் அந்த அம்மாவை இருத்தியது நல்ல யோசனை, அதுவும் உங்கள் கம்பனி ஏற்பாடுதானா என்று. வாசகர் வட்டத்தில் சொல்லிச் சிரிக்கத் தோதான சங்கதி. சொல்லலாம் என்று நினைத்தார். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலை சரத் லொறியோடு வந்தான். மார்க்கின் பென்சில்களும் மரக்குதிரையும் வெட்டுக்காயத் தேசிக்காயும் படியிறங்கின. லிஸ்டில் நாற்பது சரி போட்டாயிற்று. நாற்பத்தொன்றில் இராசமலர் இருந்தார்.

“அதைக் கடைசியாய்க் கொண்டுபோங்கோ. இந்தப் பயித்தங்காயை வெட்டி முடிச்சிடுறன்” என்றார்.

ஏரம்பமூர்த்தி கராஜுக்கு இறங்கினார். சாமான் ஏற்றி இறக்கி அவருக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது. தன் சாய்கதிரையின் மேல் புத்தகப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் எது கிடக்கிறது என்று பார்க்காமலே பொத்தென்று இருந்தார். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. சாய முதுகில்லை. கை வைக்க இடமில்லை. ஏதோ ஒரு விளிம்பு பின்தொடையில் வெட்டியது. எழும்பிப் பார்த்தார். நீல வாளி, மேலே அந்தத் துவாய்.

துவாயின் நடுவில் நூல் நைந்து, ஒரு ஆள் இருந்து இருந்து பள்ளம் விழுந்திருந்தது. ஒரு நாளில், ஒரு மாதத்தில் விழுகிற பள்ளம் இல்லை. செருப்பைப் பார்த்து ஆளைச் சொல்லுகிற மனுசன் இதைக் கையால் தூக்கிக்கொண்டு இருபத்தேழு படி இறங்கியிருக்கிறார், ஒன்றும் தெரியவில்லை. இப்போது அவர் கேட்காமலே மூளை வாசிக்கத் தொடங்கியது. யார் இருந்தது, எத்தனை வருடம். குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தால் கண்ணுக்கு முன்னால் என்ன தெரியும். குளிர்பெட்டியின் வெள்ளைத் தகரம் தெரியும், வேறொன்றும் தெரியாது. சாப்பாட்டு மேசைக் கதிரைகளில் புத்தகம், செற்றியில் பேப்பர், சன்னலடியில் சஞ்சிகை. முதல்ல அவவை ஒரு இடத்தில இருத்துங்கோ என்று ரங்கநாதனிடம் குதித்தது தன் குரலேதான். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. கராஜுக்குள் ஒருவரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

வெளியே வந்தார். “சரத், என்ரை சாய்கதிரையை லொறியில ஏத்து.”

“அண்ணே, அது உங்கடதானே?”

“ஏத்து.”

இருவரும் ஏற்றினார்கள். சரத் லிஸ்டைப் பார்த்தான், கறுப்புச் சாய்கதிரையைப் பார்த்தான். “அண்ணே, நாப்பத்தொண்டு மஞ்சள் கதிரை எண்டு கிடக்கு.”

“மஞ்சள் எண்டுறது ஒரு குறியீடு” என்றார் ஏரம்பமூர்த்தி.

சரத்துக்கு இலக்கியம் தெரியாது, ஸ்டோர் தெரியும். “குறியீட்டுக்கு மெஷின் டிக் அடிக்காது அண்ணே. ஸ்டிக்கர் வேணும்.”

ஏரம்பமூர்த்தி திரும்பி இருபத்தேழு படியும் ஏறினார். பாதியில் நின்று கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கினார். உள்ளே வெறும் வீடு. சன்னலடியில் மட்டும் வெயில், கதிரை, அதில் இராசமலர். பயித்தங்காய் எப்போதோ வெட்டி முடிந்திருந்தது. இவரைக் கண்டதும் தட்டைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஊன்றி எழும்பப் போனார்.

“நீர் எழும்பாதையும்” என்றார் ஏரம்பமூர்த்தி.

இராசமலர் பாதி எழும்பினபடி நின்றார். “கதிரையை எடுக்கத்தானே வந்தனீங்கள்?”

“எழும்பாதையும் எண்டெல்லே சொல்லுறன்.”

அவர் இராசமலரின் காலடியில் முழந்தாளிட்டார். பிறகு கையை ஊன்றித் தலையைத் தரையோடு வைத்துக் கதிரைக்கு அடியில் பார்த்தார். இலக்கம் நாற்பத்தொன்று, பின்காலுக்குப் பக்கத்தில். கையை நீட்டினார், எட்டவில்லை.

“என்ன துலைச்சனீங்கள்?” என்று மேலே இருந்து குரல் வந்தது.

அவர் இன்னும் கொஞ்சம் உள்ளே தவழ்ந்தார். சாய்கதிரையில் ஒட்ட, ஸ்டிக்கர் கிழியாமல் வரவேண்டும் என்று நகத்தால் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இராசமலர் மெல்லத் திரும்பவும் சாய்ந்து, அவருக்கு இடம் விட்டு, பட்டி சுற்றிய காலைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார்.